சலீமுல் ஹக்: சொல்லை வென்றார், உரிமையை?

வங்கதேச அறிஞர் சலீமுல் ஹக் 2023 அக்டோபர் 28 அன்று டாக்காவில் காலமானார். நவம்பர் 30 அன்று துபாயில் ஐ.நா. காலநிலை மாநாடு தொடங்கியது. காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்படும் ஏழை நாடுகளுக்காக அவர் நெடுங்காலம் போராடிக் கேட்ட 'இழப்பு மற்றும் சேத' நிதியம் முதல் நாளிலேயே செயல்பாட்டுக்கு வந்தது. 1995இல் பெர்லினில் தொடங்கி 27 மாநாடுகளுக்கும் போனவருக்கு, 28ஆவதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அவர் முனைவர் பட்டம் பெற்றது தாவரவியலில். ஆனால் வாழ்நாளின் பெரும்பகுதியை மாநாட்டுக் கூடங்களில்தான் கழித்தார். பணக்கார நாடுகள் வழக்கறிஞர் படையோடு வரும். ஏழை நாடுகளிலிருந்து விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே வருவார்கள். ஹக் அவர்களுக்கு ஆலோசகராக நின்று வாதங்களை எடுத்துக்கொடுத்தார். ஐ.நா. காலநிலை அறிக்கைகளை எழுதிய விஞ்ஞானியே ஒரு தரப்புக்காகப் பேசலாமா என்று கேட்கலாம். தாராளமாகப் பேசலாம்; தான் யார் பக்கம் என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

அவரது பணியில் மிகவும் உறுதியானது, வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று. 2005இல் டாக்காவில் தொடங்கிய சமூகம் சார்ந்த தகவமைப்பு மாநாடுகளில், நிபுணர்கள் முதலில் கிராமங்களுக்குப் போக வேண்டும். மக்கள் வெள்ளத்தையும் உப்புநீரையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டறிந்த பிறகே விவாத அரங்குக்கு வர வேண்டும். காலநிலைக் கொள்கையில் ஏழைகள் உதவிக்குக் காத்திருப்பவர்களாக மட்டுமே தெரிந்தார்கள். ஹக் அவர்களை ஆசிரியர்கள் ஆக்கினார்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. எல்லா நாடுகளும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு என்ற கூடத்தில், ஒரு சொல்லைப் பெற இன்னொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். 2015 பாரிஸ் உடன்படிக்கையின் 8ஆவது பிரிவு இழப்பையும் சேதத்தையும் அங்கீகரித்தது. அதோடு சேர்ந்து வந்த தீர்மானமோ, இந்தப் பிரிவைக் காட்டி எவரும் பொறுப்போ இழப்பீடோ கோர முடியாது என்று கதவை அடைத்தது. சொல் கிடைத்தது, உரிமை கைநழுவியது. அதனால்தான் நிதியத்துக்கு வருவது கடனைத் தீர்க்கும் பணமாக இல்லாமல், மனமிருந்தால் தரும் கொடையாக இருக்கிறது. துபாயில் அறிவிக்கப்பட்ட தொகை சுமார் 70 கோடி டாலர்; 2022 பாகிஸ்தான் வெள்ளத்தில் மட்டும் சேதமும் பொருளாதார இழப்பும் 3,000 கோடி டாலரைத் தாண்டின. 2025 மார்ச்சில் அமெரிக்கா நிதியத்தின் நிர்வாகக் குழுவிலிருந்தே வெளியேறியது.

இதை ஹக்கின் தோல்வி என்று எழுதுவது அநியாயம். அவர் இல்லாவிட்டால் அந்தச் சொல்லும் கிடைத்திருக்காது. ஆனால் பேசிப் பேசி இணங்கவைக்கும் வழி எதுவரை போகும் என்பதை அவரது வாழ்க்கையே காட்டிவிட்டது.

அந்த எல்லைக்கு அப்பால் வேறொரு வழி திறந்தது. 1991இலேயே கடல்மட்ட உயர்வுக்கு ஈடு கேட்டுச் சிறு தீவு நாடுகளின் சார்பில் முன்வந்த நாடு வனுவாட்டு. அது முன்னெடுத்த முயற்சியால் நாடுகளின் காலநிலைக் கடமை பற்றிய கேள்வி சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றது. காலநிலைக் கடமையை மீறும் நாடு இழப்பீடு தர வேண்டி வரலாம் என்று 2025 ஜூலை 23 அன்று அந்த நீதிமன்றம் கருத்துரைத்தது. மாநாடு அடைத்த கதவை நீதிமன்றம்தான் திறந்திருக்கிறது.