விடுதலைத் தீர்ப்பும் ஒரு பிரதிதான்

கீழ்வெண்மணித் தீர்ப்பை ஒரு கதையாடலாகவே வாசிக்கிறேன். 1968 டிசம்பர் 25இல் எரிக்கப்பட்ட 44 பேர் அதில் வெறும் எண்ணிக்கை. கார் வைத்திருக்கும் மிராசுதார் தானே நடந்துபோய்த் தீ வைப்பாரா என்ற சந்தேகம்தான் 1973இல் சென்னை உயர்நீதிமன்றத்தில் கதைசொல்லியானது. செத்தவர்களின் உறவினர்கள் சாட்சிகள், அவ்வளவுதான்.

2009 டிசம்பர் 31 முதல், விடுதலையை எதிர்த்துப் பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். போதுமா? போலீஸ் எழுதிவைத்த அதே பிரதியைத்தானே மேல்முறையீடும் திரும்பப் படிக்கிறது?

விடுதலையானவரை மறுபடி விசாரிக்கக் கூடாதென்ற விதியையே தூக்குங்கள் என்கிறார்கள் அம்பத்தூர் நண்பர்கள். அந்த வேலி போனால் முதலில் மாட்டுவது சேரிப் பையன்தான். பெஸ்ட் பேக்கரி வழக்கில் 2004இல் உச்சநீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது வேலியைப் பிடுங்கி அல்ல. நடந்தது விசாரணையே அல்ல என்று சொல்லி. ஆகவே சண்டை கடைசிப் பக்கத்தில் இல்லை, முதல் பக்கத்தில்: பாதிக்கப்பட்டவரின் சொல்லை முதலில் எழுதுவது யார்?