படாடோபம் என்னுஞ் சொல்லாட்சி

இக்கால உரைநடையில் அருகி வழங்குஞ் சொற்களுள் படாடோபம் என்பதும் ஒன்று. அதனை ஆளுவோர் பலர் பகட்டு, ஆடம்பரம், டம்பம் என்பவற்றோடு வேறுபாடின்றி ஒருபொருட் சொல்லாகவே எழுதுகின்றனர். 'ஆடம்பரமும் படாடோபமும்' என ஓசையின்பங் கருதி அடுக்குவாரும் உளர். இவ்வாட்சி பொருந்துமா என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

இது வடசொல். படா என்பது பாம்பின் படம். ஆடோபம் என்பது வீங்கிப் பருத்தல். இரண்டும் புணர்ந்து, பாம்பு படம் விரித்து நிற்கும் நிலையை உணர்த்தின. நஞ்சில்லாப் பாம்பும் படத்தின் விரிவு கொண்டே பிறரை அஞ்சுவிக்கும் என்னுங் கருத்துடைய நீதிச் செய்யுளொன்று பஞ்சதந்திரத்துள் இச்சொல்லை ஆண்டுள்ளது. ஆகவே, உள்ளே நஞ்சுண்டோ இன்றோ, புறத்தோற்றத்தாற் கண்டாரை மருட்டுதலே இச்சொல்லின் உயிர் எனத் தெளியலாம்.

ஏனைய சொற்களின் இயல்பு வேறு. ஆடம்பரம் வடமொழியிற் பறையையும் அதன் முழக்கத்தையுங் குறித்தலின் செவிக்குரியது. பகட்டு மினுமினுப்பாகலின் கண்ணுக்குரியது. டம்பம் இல்லாத நலத்தை உள்ளதுபோற் காட்டும் வஞ்சமாகலின் நெஞ்சுக்குரியது. கீதை அதனை அசுர குணங்களுள் வைத்தெண்ணும். படாடோபமோ எதிர்நிற்பார்க்கு அச்சம் விளைப்பது. பளபளக்கும் பட்டாடை பகட்டாகலாம்; ஒருவரையும் மருட்டாதவழி அது படாடோபம் ஆகாது.

இவ்வேறுபாடு அறியாமையால் விளையுங் கேடு சிறிதன்று. திருக்கோயில் விழாக்களின் பொலிவையெல்லாம் படாடோபம் என்று ஒரே சொல்லால் இகழ்ந்தெழுதுவார் உளர். அவர் திருநாவுக்கரசு சுவாமிகளின் வரலாற்றை நோக்குவாராக. திருப்புகலூரில் உழவாரப் பணி செய்யுங்கால் பொன்னும் மணியும் இடையே மின்னித் தோன்ற, அவற்றைப் பருக்கைக் கற்களோடொப்ப வாரிக் குளத்திலெறிந்தவர் அவர். அப்புகலூரிலேயே, திருஞானசம்பந்த சுவாமிகள் வினவ, திருவாரூர்த் திருவாதிரைத் திருநாளின் முத்து விதானத்தையும் பொற்கவரியையும் உளமுவந்து பாடியவரும் அவரே. தம் முன் மின்னிய பொன்னை ஓடெனக் கண்டவர், இறைவன் திருவிழாவில் மின்னிய பொன்னைப் பாடியது எங்ஙனம்? அப்பொலிவு ஒருவரையும் மருட்ட எழுந்ததன்று. அடியார் அனைவரும் ஒருங்கு கூடி மகிழ எழுந்தது. பொன் ஒன்றே, அதனைக் காட்டுவார் கருத்தே வேறு. விழாவெடுப்பார் தம் செல்வத்தைப் பிறர் அஞ்சுமாறு விரிப்பரேல், ஆண்டு இச்சொல் பொருந்தும். அவர்பொருட்டு விழாவினையே பழித்தல் முறையன்று.

நூலாராய்ச்சியினும் இவ்வளவையே கொள்ளத்தக்கது. சிவஞானபோதம் 12 சூத்திரங்களால், 40 அடிகளால் முடிந்தது. அதற்குச் சிவஞான முனிவர் வகுத்த மாபாடியமோ மிக விரிந்தது. விரிவு கண்டு அதனைப் படாடோபம் என்பார் அறியார். ஐயம் அறுத்தற்கு வேண்டுமளவே ஆண்டு விரிந்தது. ஒரு சிற்றுரையேனும், மாணாக்கன் வினாவாது வாயடங்குதற்பொருட்டு அருஞ்சொற்களையும் நெடுந்தொடர்களையும் அடுக்கி நிற்குமாயின், அதுவே படம் விரித்த உரையாகும். அத்தகைய உரைகள் நம்மிடையே இல்லாமலில்லை. அவற்றைப் பகட்டு என்பது குற்றத்தைக் குறைத்துக் கூறுவதாகும். பகட்டுரை கற்பான் காலத்தைக் கவரும். படாடோப உரை அவன் வினாவுந் துணிவையே கெடுக்கும்.

ஆதலின், எழுதுவோர் இச்சொல்லை ஓசை நிரப்புதற்கு எடுத்தலை விடுக. மின்னுவது பகட்டு, முழங்குவது ஆடம்பரம், வஞ்சிப்பது டம்பம், மருட்டுவது படாடோபம் எனப் பொருள் வரைந்து, உரிய இடத்தில் உரிய சொல்லை ஆளுக. பிறர் நூலையேனும் வழிபாட்டையேனும் இச்சொல்லாற் பழிக்கப் புகுமுன், அங்கு மருட்சியுண்டோ என ஒருகால் நோக்குதல் அறிஞர் கடனாம்.