மந்திரவாதிக்குக் கவசம் ஏன் தகாது?

கற்பனைப் பாத்திரமேற்பு விளையாட்டுகளில் மந்திரவாதி அணியவேண்டியது அங்கியா, கவசமா என்னும் வினா உடையைப் பற்றியது மட்டுமன்று. பாத்திரப் படைப்பைப் பற்றியதுமாகும். 1974இல் அமெரிக்காவில் வெளிவந்த 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' மந்திரவாதிக்குக் கவசத்தை மறுத்தது. தொடக்கநிலையில் அவன் ஒரே வாள்வீச்சில் வீழக்கூடியவன்; முன்னே வீரன் ஒருவன் நின்றாலன்றி அவனால் மந்திரம் சொல்லி முடிக்க இயலாது. விளையாடுவோரைக் குழுவாகப் பிணைத்தது இச்சார்புநிலையே எனலாம்.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இத்தடையைக் கணக்காக்கியது. கையசைவு வேண்டும் மந்திரங்கள் பலிக்காமற்போகும் வாய்ப்பு தோற்கவசத்திற்கு 10 விழுக்காடு, முழு உலோகக் கவசத்திற்கு 35 விழுக்காடு. 2014இன் ஐந்தாம் பதிப்பிலோ, அக்கவசத்தில் பயிற்சியிருந்தாற் போதும். இதனை வளர்ச்சி என்பாருளர். நமக்கு அது உடன்பாடன்று. மந்திரமும் கவசமும் ஒருவனுக்கே வாய்த்தபின் அவனுக்குத் தோழர் எதற்கு?

தனியொருவர் ஆடும் 'ஸ்கைரிம்' (2011) கண்ட வழி வேறு. அது கவசத்தைத் தடுக்கவில்லை. உரிய திறனைப் பெற்றுக் கவசத்தைக் களைந்தவனுக்குக் காப்பு மந்திரத்தின் வலுவை இருமடங்கு முதல் மும்மடங்கு வரை உயர்த்தியது. அங்கியைத் தேர்வதற்குக் காரணத்தை விதிக்குள்ளேயே வைத்த இம்முறையே சிறந்ததென்பது நம் துணிபு. சொல்லே மெய்காப்பாகும் இக்கருத்து, போர்ச்சட்டையையும் காப்புப் பாடலையும் 'கவசம்' என ஒரு சொல்லாலேயே சுட்டும் நம் மாணவர்க்குப் புதிதன்று.