கொழுந்து மடுவத்தில் ஒரு போன்

நூறு ஆண்டுகளுக்கு மேலாக இலங்கையின் மலையகத்தைப் படம் பிடித்தவர்கள் பெரும்பாலும் வெளியாட்களே. தேயிலைப் பெட்டியில் சிரிக்கும் பெண்ணும், பதுளை ரயிலின் மிதிபலகையில் தொங்கியபடி பயணிகள் எடுக்கும் பச்சை மலையும் அவர்கள் கண்ட மலையகம். இன்று வட்டவளையில் கொழுந்தெடுப்பவர் இடுப்பில் கட்டும் படங்குக்குள்ளும் போன் இருக்கிறது, பொலித்தீன் சுற்றியபடி. நாட்டில் மழை மிக அதிகம் பெய்யும் இடங்களில் ஒன்று இது, சுற்றாமல் தீராது.

அந்தப் போனின் வலிமையை 2023 ஆகஸ்டில் கண்டோம். மாத்தளை ரத்வத்தை தோட்டத்தில் தொழிலாளர் குடும்பத்தின் தற்காலிக வீட்டைத் தோட்ட அதிகாரி உடைத்த காணொளி நாடெங்கும் பரவி, அமைச்சரையே அங்கு வரவழைத்தது. முன்பென்றால் லயத்தோடு அமுங்கிப் போயிருக்கும்.

ஆனால் தினமும் நடக்கும் அநியாயத்துக்கு இந்த வேகம் உதவுவதில்லை. கொழுந்து நிறுக்கும் மடுவத்தைப் பாருங்கள். சாக்கு தொங்குகிறது, தராசு முள் நிற்கிறது. ஈரத்துக்கு, சாக்குக்கு என்று சில கிலோவைக் கழித்துவிட்டுத் துண்டில் எழுதுகிறார்கள். அந்தக் கழிவால் குறித்த அளவு எட்டாவிட்டால் அன்றைக்கு அரைப்பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான். முள்ளும் துண்டில் எழுதும் கையும் வெட்டில்லாமல் ஒரே காட்சியில் விழுந்தால் அது சாட்சி. நம் பிள்ளைகளோ அதைப் பதினைந்து விநாடியாக வெட்டி, பாட்டுச் சேர்த்து, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். 24 மணி நேரத்தில் அது மறைந்துவிடும். கைமாறிக் கைமாறி வரும் பிரதியில் முள் நின்ற எண் மங்கிவிடுகிறது, எடுத்த நாளும் தெரிவதில்லை. தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு கொடுக்கப் போகும்போது கையில் மிஞ்சுவது பாட்டு மட்டும்தான்.

எடுப்பதில் நாம் தேறிவிட்டோம், பகிர்வதில்தான் கோட்டை விடுகிறோம். மூலக் காணொளியை அழிக்காமல் வைப்பதும், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'டொக்கியுமென்ட்' ஆக அனுப்புவதும் ஒன்றும் கஷ்டமில்லை. டிக்டொக்குக்கு முன்னால் அது தொழிற்சங்கத்தின் கைக்கோ சட்டத்தரணியின் கைக்கோ போக வேண்டும். நேரே பொதுவில் போட்டால், பின்னால் கேட்கும் ஒரு குரல் போதும், யார் எடுத்தது என்று மறுநாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டிலேயே தெரிந்துவிடும். பழிவாங்கல் அங்கிருந்து தொடங்கும்.

இன்னொரு பழக்கம் எனக்குப் பொறுக்கவே முடியாதது. 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலைகள் சரிந்தபோது, பாதை துண்டிக்கப்பட்ட தோட்டங்களின் நிலையை வெளியே சொல்ல இதே போன்கள்தான் வேண்டியிருந்தன. ஆனால் இடர் வந்தால் நிவாரணமும் கெமராவோடுதான் வருகிறது. அரிசிப் பையை நீட்டுபவர் சிரிக்கிறார், வாங்கும் ஆச்சி தலை குனிகிறார், பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் முகம் நாடெங்கும் போகிறது. பையைக் கொடுத்ததற்கு அத்தாட்சி வேண்டுமென்றால் பையை எடுங்கள், வந்த லொறியை எடுங்கள், பற்றுச்சீட்டை எடுங்கள். ஆச்சியின் முகத்தை எடுக்க அவரிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை.