மிளகு ஆலையின் சுவரும் அதற்கு வெளியே கிடக்கும் முற்றமும்

சமையல் முடிந்து அடுப்பை அணைத்த பிறகும் நாம் தூவும் சரக்கு மிளகு. இலங்கையின் மாத்தளையில் உள்ள வாசனைத் திரவிய ஆலையொன்றின் கட்டட அமைப்பை மதிப்பிட இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. 2009-10இல் அமெரிக்காவில் 44 மாநிலங்களில் 272 பேரை சல்மொனெல்லா கிருமி பீடித்தபோது, விசாரணை சலாமி இறைச்சியின் மேல் பூசிய மிளகில் போய் நின்றது. இறைச்சி பதமாகி முடிந்த பின் ஒட்டிய மிளகு அது. அதற்குப் பிறகு கிருமியைக் கொல்ல எந்தக் கட்டமும் இல்லை.

வலயப் பிரிப்பு என்ற முறைக்கு நியாயம் இங்கேதான் பிறக்கிறது. பச்சைச் சரக்கு இறங்கும் பக்கம் ஒன்று, நீராவி ஏற்றிக் கிருமி நீக்கிய சரக்கு வெளியேறும் பக்கம் இன்னொன்று. நடுவே கூரை வரை ஒரு சுவர். நீராவி இயந்திரத்தை அந்தச் சுவரிலேயே பதித்துவிட்டால், மிளகு அதற்குள் புகுந்துதான் மறுபக்கம் போக முடியும். சுத்தப் பக்கத்தில் காற்றழுத்தம் சற்றுக் கூடுதலாக இருந்தால், புடைக்கும்போது எழும் தூசி உள்ளே வராது. தூசிதான் கிருமியின் வாகனம். இந்த முறையின் பெரிய பலம், அது தொழிலாளியின் கவனத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை என்பது. இரவுப் பணியில் கண் சொக்கினாலும் சுவர் அங்கேயே நிற்கும்.

ஆனால் தரையில் மஞ்சள் கோடு இழுத்து, பெயர்ப்பலகை மாட்டி, அதே சாக்கு வண்டியை இரண்டு பக்கமும் உருட்டினால் அது வலயம் ஆகாது. பார்வையிட வருபவருக்கான அலங்காரம், அவ்வளவுதான்.

இன்னொரு குறை, பால், மீன் ஆலைகளின் மாதிரியை அப்படியே கொண்டுவருவது. வெள்ளைத் தரை ஓடு, வடிகால், குழாய்த் தண்ணீர் அடித்துக் கழுவுதல். உலர்ந்த சரக்குக்கு இது ஆபத்து. சல்மொனெல்லா காய்ந்த தூசியில் மாதக்கணக்கில் உறங்கும். ஈரம் பட்டால் பெருகும். ஈரப்பதம் குறைந்த உணவுகளுக்கென்று சர்வதேச உணவுத்தர அமைப்பான கோடெக்ஸ் 2015இல் தனி விதித்தொகுப்பு வெளியிட்டது சும்மா அல்ல. 2008-09இல் அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் ஒழுகும் கூரையோடு, வறுத்த நிலக்கடலையையும் பச்சை நிலக்கடலையையும் அருகருகே வைத்திருந்த ஆலையின் சரக்கைத் தின்று எழுநூற்றுக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள், 9 பேர் இறந்தார்கள். மாத்தளையின் மழையில் தகரக் கூரை ஒழுகுவது ஒருபுறம் இருக்கட்டும். நீராவி இயந்திரத்தின் ஆவியை வெளியே இழுக்காவிட்டால், அது தகரத்தின் அடியில் குளிர்ந்து, கிருமி நீக்கிய மிளகின் மேலேயே சொட்டும். தரைக்கு ஓடு பதிக்கும் பணத்தைக் கூரைக்குச் செலவிடுவதே புத்தி.

இவை திருத்தக்கூடியவை. அடிப்படையான பலவீனம் வேறு: வலயம் ஆலையின் வாசலில்தான் தொடங்குகிறது. மிளகிலும் சாதிக்காயிலும் பூஞ்சணம் விடும் அஃப்ளாடொக்சின் நஞ்சு, சரியாக உலராத நாட்களில் தோட்டத்து முற்றத்திலும் ஈரம் ஏறிய களஞ்சியத்திலும் உருவாகிறது. ஐரோப்பிய ஒன்றியம் இவ்விரண்டிலும் பி1 வகைக்குக் கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், மொத்தத்துக்கு 10 என்று எல்லை வைத்திருக்கிறது. நீராவி கிருமியைக் கொல்லும், இந்த நஞ்சைப் போக்காது. எத்தனை உயரமான சுவரும் இதன் முன் கையாலாகாதது.

ஆகவே முதல் அறை முற்றம்தான். அங்கே செய்ய வேண்டியதற்கு வழிகாட்ட, ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது. மிளகைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போல முக்கியெடுத்தால் நிறம் ஒரே சீராகும், விரைவில் காயும், மேற்பரப்புக் கிருமியும் குறையும். பிறகு கோழியும் நாயும் ஏறாத உயர்ந்த தட்டில், மழை படாத ஒளி ஊடுருவும் கூரையின் கீழ், ஈரப்பதம் 12 சதவீதத்துக்குக் குறையும்வரை உலர்த்த வேண்டும். சிறு தோட்டக்காரர் ஒவ்வொருவரும் இதைக் கட்ட முடியாது. நாலைந்து குடும்பங்களுக்குப் பொதுவான உலர் கொட்டகை முடியும். ஆலைக்காரர் சுவருக்கு ஒதுக்கும் முதலீட்டில் ஒரு பங்கை இங்கே போட்டால், அது அவர் சொந்தச் சரக்கையே காக்கும்.

தடை கட்டடத்தில் இல்லை, தராசில் இருக்கிறது. நன்றாக உலர்த்தியவரின் மிளகு எடை குறைகிறது. ஈரமாணி வைத்து வாங்காத இடத்தில், அரைகுறையாகக் காய்ந்ததற்கும் அதே விலை கிடைக்கிறது. இன்னும் இரண்டு நாள் வெயிலில் பரப்ப அவருக்கு என்ன காரணம் இருக்கிறது?