மலிவு விலைக் கார்பன் இழை மிதிவண்டி உறுப்புகளின் பாதுகாப்பு: ஒரு மதிப்பீடு

மலிவு விலைக் கார்பன் இழை உறுப்புகள் என்பவை பெயர்பெற்ற நிறுவனத்தின் முத்திரை இல்லாமல் இணைய அங்காடிகளில் விற்கப்படும் ஹேண்டில்பார், ஸ்டெம், சீட் போஸ்ட், முன் ஃபோர்க், சட்டகம் முதலியன ஆகும். இவற்றை நம்பலாமா என்ற விவாதத்தில் இரு தரப்பினரும் முன்வைக்கும் சான்றுகள் பெரும்பாலும் வலுவற்றவை.

ஆதரிப்போர், வாங்கி ஓட்டிய ஒருவருக்கு மூன்று ஆண்டுகளாக எதுவும் ஆகவில்லை என்பர். ஒரு மாணவனின் மதிப்பெண்ணைக் கொண்டு வகுப்பு முழுவதும் தேறிவிட்டது என்று சொல்வதைப் போன்றது இது. பிசின் ஊறிய இழைத்தாள்களைப் பெரும்பாலும் கையால் அடுக்கி, அச்சில் அழுத்திச் சூடேற்றியே இவ்வுறுப்புகள் செய்யப்படுகின்றன. ஓர் அடுக்கு சுருங்கினாலும், காற்றுக்குமிழி தங்கினாலும் மேற்பூச்சு அதை மறைத்துவிடும். ஆகவே ஓர் உறுப்பு உறுதியாக இருந்ததா என்பதை விட, அடுத்ததும் அவ்வாறே வருமா என்பதே கேள்வி. பெயர்பெற்ற நிறுவனங்களும் சீனாவிலும் தைவானிலும் செய்விக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் தொழிற்சாலை ஒன்றாக இருப்பதால் வடிவமைப்பும் சோதனையும் ஒன்றாகிவிடா.

எதிர்ப்போர் விலையையே அளவுகோலாகக் கொள்கின்றனர். அதுவும் சரியன்று. 2021 மார்ச்சில் பெல்ஜியத்தில் நடந்த லே சாமின் பந்தயத்தில் மாத்யூ வான் டெர் போலின் விலையுயர்ந்த கேன்யன் மிதிவண்டியில் ஹேண்டில்பார் முறிந்தது. உடனே அந்நிறுவனம் அவ்வகை மிதிவண்டிகளை ஓட்ட வேண்டாம் என்று வாங்கியவர்களுக்கு அறிவித்தது. விலை கொடுத்து வாங்குபவருக்குக் கிடைக்கும் மெய்யான வேறுபாடு இதுவே: குறை தெரிந்தால் அறிவிக்க ஒருவர் இருக்கிறார். பெயரற்ற விற்பனையாளர் அடுத்த மாதம் வேறு பெயரில் கடை விரிக்கலாம். போலி முத்திரை ஒட்டிய உறுப்புகள் இன்னும் மோசம். பெயரிலேயே பொய் சொல்பவரின் சோதனைச் சான்றை எப்படி நம்புவது?

ஐஎஸ்ஓ 4210 என்பது மிதிவண்டிப் பாதுகாப்புக்கான பன்னாட்டுத் தரநிலை. விற்பனைப் பக்கத்தில் அந்த எண் இருந்தால் மட்டும் போதாது. அதே மாதிரியின் பெயரும் சோதனைக்கூடத்தின் பெயரும் உள்ள அறிக்கையைக் கேட்க வேண்டும். அதுவும் சோதிக்கப்பட்ட மாதிரிக்கே சான்றாகும், கைக்கு வரும் உறுப்புக்கு அன்று. நாணயத்தால் தட்டிப் பார்க்கும் வழக்கமும் உண்டு. மந்தமான ஒலி அடுக்குப் பிரிவைக் காட்டலாம், ஆனால் தெளிவான ஒலி எதையும் உறுதிசெய்யாது.

நல்ல உறுப்பையும் கெடுக்க ஒரு திருகு போதும். உறுப்பில் அச்சிட்ட அளவு 5 நியூட்டன் மீட்டர் என்றால், அதை டார்க் ரெஞ்ச் இல்லாமல் கைக்கணக்கில் முறுக்குவது ஆபத்து.

விவாதத்தில் அதிகம் பேசப்படாதது உறுப்பின் இடம். தண்ணீர்ப் புட்டி தாங்கி உடைந்தால் புட்டி விழும். ஹேண்டில்பாரோ ஃபோர்க்கின் மேற்குழாயோ முறிந்தால், அலுமினியம் சில நேரம் வளைந்து எச்சரிப்பது போன்ற அவகாசம்கூட இல்லாமல் ஓட்டுபவர் முகம் குப்புற விழுவார். மலிவை முதலில் சோதித்துப் பார்க்க விரும்புபவருக்குப் புட்டி தாங்கியே பொருத்தமானது.