சிலுவையின் கீழ் ஒரு கல்லறை: பிராங்கோ விட்டுச்சென்ற 'ஒப்புரவு'

சர்வாதிகாரி ஒருவன் மாண்டபின் அவனது ஆட்சியில் எஞ்சி நிற்பது யாது? சிலைகளை அகற்றிவிடலாம், தெருக்களின் பெயர்களை மாற்றிவிடலாம். ஆனால் திருச்சபையின் பரிசுத்தமான சொற்களுக்கு அவ்வாட்சி ஏற்றிவிட்ட பொருளை அகற்றுதல் எளிதன்று. ஸ்பெயினில் மக்கள் தேர்ந்த குடியரசை எதிர்த்து 1936இல் எழுந்த கலகத்தின் தலைவராகி, 1939 முதல் 1975 வரை நாடு முழுவதையும் ஆண்ட தளபதி பிராங்கோ எழுப்பிய 'வீழ்ந்தோர் பள்ளத்தாக்கு' என்னும் நினைவாலயத்தை இந்நோக்கில் ஆராய விழைகிறோம். ஆலயக் கட்டடமும் ஒருவகைப் பிரசங்கமே. ஆகவே அதன் உபதேசத்தை நிதானித்தறிவது நம் கடமையாகும்.

மாட்ரிட் நகருக்கு வடமேற்கே, மலைப்பாறையைக் குடைந்து இப்பேராலயம் அமைக்கப்பட்டது. அதன்மேல் 150 மீட்டர் உயரமுள்ள சிலுவை நிற்கிறது. 1940ஆம் ஆண்டின் ஆணை, 'சிலுவைப்போரில்' மாண்டோருக்கென்றே, அதாவது வென்றவர்களுக்கென்றே, இதனைத் திட்டமிட்டது. 1957ஆம் ஆண்டின் ஆணையோ, மாண்டோர் அனைவருக்கும் உரிய ஒப்புரவின் சின்னமென்று அறிவித்தது. எனினும் திறப்பு விழா நடைபெற்ற நாள், பிராங்கோவின் வெற்றியினுடைய இருபதாம் ஆண்டு நிறைவாகிய 1959 ஏப்ரல் 1. ஒப்புரவின் ஆலயத்தை வெற்றியின் நாளில் திறந்தமை தற்செயலன்று.

இவ்வாலயம் கெடுத்த முதற்சொல் 'மீட்பு'. அரசியல் கைதிகள் பலர், 'உழைப்பினால் தண்டனையை மீட்டல்' என்னும் திட்டத்தின்கீழ் இங்கே பாறை உடைத்தனர். உழைத்த நாட்களுக்கு ஈடாகச் சிறைக்காலம் குறைக்கப்பட்டது. கிருபையைக் குறிக்க வேண்டிய சொல், தோற்றவனின் வியர்வைக்கு விலையாயிற்று.

இரண்டாவது சொல் 'ஒப்புரவு'. இங்கே 33,000க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் உள்ளன. குடியரசுத் தரப்பினர் பலரின் எலும்புகள், குடும்பத்தாரின் இசைவின்றிப் புதைகுழிகளினின்று தோண்டியெடுக்கப்பட்டுக் கொண்டுவரப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் பெயரற்றவர்களாய்ச் சுவர்களுக்கு அப்பால் கிடக்க, பலிபீடத்தின் முன்னே ஃபலாங்கே கட்சியின் நிறுவனரும், பின்னே பிராங்கோவும் பெயர் பொறித்த கற்களின்கீழ் அடக்கம்பண்ணப்பட்டனர். மரித்தோரை ஓரிடத்திற் சேர்த்தார்கள். உயிரோடிருந்தவர்களிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை.

மறுபுறத்தையும் கூறாவிடில் நம் திறனாய்வு நேர்மையுடையதாகாது. உள்நாட்டுப் போரின்போது குடியரசுப் பகுதியில் ஏறத்தாழ 6,800 குருக்களும் துறவியரும் கொல்லப்பட்டனர். 1937 ஜூலையில் ஸ்பானிய ஆயர்கள் கூட்டுத் திருமடல் விடுத்துப் பிராங்கோவின் பக்கம் நின்றதற்கு இத்துயரமும் காரணம். ஆயினும் தன் இரத்தசாட்சிகளுக்காக அழுத சபை, தன் நண்பர்கள் கொன்றவர்களுக்காக அழவில்லை. 1971இல் கூடிய ஆயர், குருக்கள் மன்றத்தில், போர்க்காலத்தில் ஒப்புரவின் ஊழியராய் இராமற்போனதற்காக மன்னிப்புக் கோரும் தீர்மானம் பெரும்பான்மை பெற்றது. வேண்டிய மூன்றில் இரு பங்கினையோ எட்டவில்லை.

அவ்வாட்சியில் வழிபாட்டுரிமை ஒடுக்கப்பட்டவர்கள் நம் சீர்திருத்த சபையார் ஆதலால், கத்தோலிக்கரைக் குற்றஞ்சாட்ட நாம் விரையக்கூடும். அது தகாது. அதே காலத்தில் 'ஜெர்மன் கிறிஸ்தவர்கள்' என்போர் ஹிட்லருக்குத் துதிபாடியது சீர்திருத்த சபைகளுக்குள்ளேயே அன்றோ?

பிராங்கோ மறைந்தபின் வந்த 1977ஆம் ஆண்டுப் பொதுமன்னிப்புச் சட்டம் கைதிகளை விடுவித்தது. ஆனால் ஆட்சியின் கொடுமைகளை விசாரிக்கும் வழியையும் அடைத்தது. அன்றைய அச்சத்தில் அதுவே சமாதானத்தின் விலை என்று பலர் கருதினர். 2019 அக்டோபர் 24இல் பிராங்கோவின் உடல் அங்கிருந்து அகற்றப்பட்டது. 2022ஆம் ஆண்டுச் சட்டம் அவ்விடத்திற்குக் குவெல்காமூரோஸ் என்னும் பழம்பெயரை மீட்டளித்தது. 2023 ஜூனில், குடும்பத்தார் கேட்ட எலும்புகளை அடையாளங்காணும் பணி தொடங்கியது. சர்வாதிகாரியின் உடலை எடுக்க ஒரு நாள் போதியதாயிற்று. பெயரற்றவனின் எலும்பைத் தேடுவதோ நெடும்பணி.

புண்ணை மேலாகக் கட்டிவிட்டுச் சமாதானம் பேசியவர்களை எரேமியா கடிந்துகொண்டதை அறிவோம். சபையின் பிணக்குகளில், இழந்தவன் வாய் திறக்குமுன்னே இருவரையும் கைகோக்கச் செய்து ஜெபித்து அனுப்பிவிடுகிற போதகர்களாகிய நமக்கும் அக்கண்டனம் உரியது. உயிர்த்தெழுந்த ஆண்டவர் தம் சீஷருக்குச் சமாதானம் கூறியபோது காயங்களை மறைக்கவில்லை. கைகளையும் விலாவையும் காண்பித்தார். காயத்தைக் காட்ட இடங்கொடாத சிலுவை, எத்தனை மீட்டர் உயர்ந்து நின்றாலும், அவருடைய சிலுவையன்று.